ஏசிக்குள் பல்லியும் எறும்பும் போகாமல் தடுப்பது எப்படி?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். எங்கள் ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோர் யூனிட் திடீரென நின்றுவிட்டது. மெக்கானிக் திறந்து பார்த்தால், மின்சுற்று போர்டின் மேல் ஒரு பல்லி கருகிக் கிடக்கிறது, அதிலுள்ள ரிலே என்ற சின்ன மின் சுவிட்சைச் சுற்றிச் செத்த எறும்புகள். இது இரண்டாவது முறை. பாவம், அந்த உயிரும் போகிறது, போர்டும் போகிறது.

செம்புக் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துவிட்டேன். ஏசித் தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் பைப் முனையில் வலை கட்டலாமா? அழுக்கு அடைத்துத் தண்ணீர் உள்ளே திரும்பிவிடுமோ என்று யோசனை. அவுட்டோர் யூனிட்டை முழுக்க மூடினால் காற்றோட்டம் குறைந்து கம்ப்ரசர் சூடாகும், அதனால் அது வேண்டாம். பூச்சி ஸ்ப்ரே உள்ளே அடிக்கவும் பயம், பல ஸ்ப்ரேக்களில் தீப்பற்றும் வாயு இருக்கிறது.

போர்டு பெட்டியின் இடுக்குகளுக்கு மட்டும் வலை போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு சின்னக் கண்ணி வேண்டும்? அப்புறம், எறும்புக்கு என்ன செய்தீர்கள்?