மறு: பாறை இடுக்கில் சிவக்கும் ஒளிக்கு என்ன சொல்? (தோயொளி?)

குழுவினருக்கு வணக்கம்.

> இதற்குப் புதுச்சொல் எதற்கு? பாடநூலில் ‘எதிரொளிப்பு’ இருக்கிறதே.

இருக்கிறது ஐயா. ஆனால் கண்ணாடியில் பட்டுத் திரும்புவதும் எதிரொளிப்புதான். அங்கே வந்த நிறமே திரும்பும். நான் கேட்பது வேறு. ஜோர்டானில், பாறையைக் குடைந்த பழைய நகரமான பெட்ராவுக்குள் நுழையும் ‘சிக்’ என்ற இடுக்குவழி சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் அகலம் 3 மீட்டர்தான். இருபுறமும் செங்குத்தான மணற்பாறை. உச்சிவெயில் மேல்விளிம்பில்தான் விழும், அடியில் நிற்கும் நம்மேல் நேராகப் படாது. ஆனாலும் சுவர், உள்ளே தணல் வைத்த மாதிரி சிவந்து கிடக்கும். பாறையிலுள்ள இரும்பு ஆக்சைடு நீலத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பையும் மஞ்சளையும் திருப்பித் தருகிறது. அது எதிர்ச்சுவரில் பட்டு, மறுபடி இந்தப் பக்கம் வந்து, ஒவ்வொரு தடவையும் நிறம் ஏறுகிறது. சாயத்தொட்டியில் துணியை இரண்டாம் முறை முக்கியெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதனால்தான் தோயொளி. தோய்ந்த ஒளி, தோய்கின்ற ஒளி, தோயும் ஒளி: வினைத்தொகை. பயணக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது இப்படி ஒரு சொல் கிடைக்காமல் ‘அந்த மாதிரி வெளிச்சம்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

> ‘சாயவொளி’ இன்னும் எளிதாக இருக்குமே?

ஒரு புள்ளி கூடினால் ‘சாய்வொளி’ ஆகிவிடும். அதுவும் நமக்கு வேண்டிய சொல். திறந்த பாலையில் நிற்கும் குன்றுகளுக்குக் காலை, மாலைச் சாய்வொளிதான் புடைப்பைக் காட்டும். இடுக்குக்குள்ளோ நடுப்பகல்தான் நல்ல நேரம். நேர்மாறான இரண்டுக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்றால் எழுத்துப்பிழையே ஆளைத் தவறான நேரத்துக்கு அனுப்பிவிடும்.

அங்கே படம் எடுத்த விதத்தைக் கேட்டிருந்தீர்கள். ஒரு கேமரா, ஒரு 35 மி.மீ. லென்ஸ், அவ்வளவுதான். மணல் பறக்கிற இடத்தில் லென்ஸ் கழற்றி மாட்ட எனக்குத் துணிவில்லை. முக்காலி கிடையாது, முழங்கையைப் பாறையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து 1/15 நொடி. வானத்தைச் சட்டத்துக்குள் விடவே கூடாது. ஒரு கீற்று நுழைந்தாலும் அது வெளுக்கும், இல்லாவிட்டால் சுவர் கறுக்கும். முதல் நாள் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிக்கட்டும் அமைப்பை, கேமராவே முடிவுசெய்யும் ‘ஆட்டோ’வில் விட்டிருந்தேன். படமெல்லாம் சிமெண்ட் சுவர்! கேமரா அந்தச் சிவப்பைக் கறை என்று நினைத்து வெளுத்துக் கொடுத்துவிட்டது, அதுவும் ஒரு வண்ணாரப்பேட்டைக்காரனுக்கே. மறுநாள் பகல் வெயிலுக்கான ‘டேலைட்’டில் வைத்த பிறகுதான் நிறம் நின்றது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ கோப்பாக இருந்திருந்தால் முதல் நாள் படங்களையும் மீட்டிருக்கலாம். சுமையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று ஒரே ஒரு சின்ன கார்டோடு போனதால் எல்லாம் ஜேபெக், கேமராவே நிறம் முடித்துச் சுருக்கிய கோப்பு.

---

தம்பி, ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் தோய்ப்பது என்றால் துவைப்பது. நிறம் போகும், ஏறாது. நீங்கள் சொல்வதற்கு எதிர்ப்பொருள் ஆகிவிடாதா? ‘படிவொளி’ என்று வைத்தால் என்ன?

---

அக்கா, நியாயமான கேள்வி. ஆனால் சாயமும் தோய்க்கிறோம், தயிரும் தோய்க்கிறோம். ‘விண்தோய் மாடம்’ என்னும்போது அங்கே யாரும் துவைக்கவில்லை. ஒன்றில் ஒன்று படிந்து கலப்பதுதான் வேர்ப்பொருள். படிவொளியில் கலப்பு வரவில்லை, தூசு படிந்தது போல இருக்கிறது.

இதற்குப் பெட்ரா வரை போகவும் வேண்டாம். எங்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், துணிக்கடை வாசலில் சிவப்புச் சேலையை விரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். பன்னிரண்டு மணி வெயில் அதில் பட்டால் எதிரே சுண்ணாம்புச் சுவர் ரோஜா நிறமாகும். கீழே உட்கார்ந்து கணக்கெழுதுகிறவரின் நோட்டுத் தாளும் சேர்ந்து சிவக்கும். நாளை ஞாயிறு, கூட்டத்தில் கையைத் தூக்க முடியாது. திங்கள் மதியம் போய், ஒயிட் பேலன்ஸை ‘ஆட்டோ’வில் வைத்து ஒன்று, ‘டேலைட்’டில் வைத்து ஒன்று எடுத்து அனுப்புகிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.