‘தெற்காசியக் கிளை’ என்றால் இந்தியாவில் பிறந்தது என்று யார் சொன்னது?

அகார் ஆறுமுகம் (இரவு 9.10)
எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. ரத்தத்தில் கலந்து ஆளைக் கொல்லும் ‘சூப்பர் பூஞ்சை’ கேண்டிடா ஆரிஸ் இந்தியாவில் பிறந்து உலகத்துக்கே ஏற்றுமதியானதாம். என்ன ஆதாரம் என்றால், மரபணு ஆய்வில் அதற்குத் ‘தெற்காசியக் கிளை’ என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். 22 வருடம் மைக்ரோபயாலஜி லேபில் தட்டுத் தட்டாகக் கிருமி வளர்க்க ஸ்ட்ரீக் போட்டவன் நான். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

2009-ல் இந்தக் கிருமிக்குப் பெயர் வைத்தவர்கள் ஜப்பான்காரர்கள். டோக்கியோவில் எழுபது வயதுப் பாட்டி ஒருவரின் காதிலிருந்து எடுத்தார்கள். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. கொரியாவில் அதற்கும் முன்னால், 1996-லேயே ஒரு குழந்தையின் ரத்தத்தில் இருந்திருக்கிறது. பெயர் தெரியாமல் ஃப்ரீசரில் கிடந்ததை 2011-ல் அடையாளம் சொன்னார்கள். டெல்லியில் முதலில் பதிவான 12 பேர் 2009-க்கும் 2011-க்கும் இடையில். 1996 முந்தியா, 2009 முந்தியா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

நெய்தல்நிலா (9.31)
சார், அந்தக் கொரியா மாதிரி கிழக்காசியக் கிளையைச் சேர்ந்தது, அதாவது இரண்டாம் கிளை. வீடியோக்காரர் பேசுவது முதல் கிளையை, அதாவது தெற்காசியக் கிளையைப் பற்றி. இரண்டுக்கும் நடுவே பல்லாயிரம் டிஎன்ஏ எழுத்துகள் வித்தியாசம். எதிர்வீட்டுப் பையனின் பிறப்புச் சான்றிதழைக் காட்டி நம் வீட்டுப் பையனுக்கு வயது சொல்ல முடியாது.

2017-ல் வந்த ஆய்வில் பாகிஸ்தான், இந்தியா, தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா என்று பல நாட்டு நோயாளிகள் 54 பேரின் மாதிரிகளைச் சேகரித்து முழு மரபணுவை வாசித்தார்கள். நிலப்பகுதிவாரியாக நான்கு கிளைகளாகப் பிரிந்தன. ஒவ்வொரு கிளைக்குள்ளும் வித்தியாசம் மிகச் சொற்பம். பிறகு ஈரானில் ஐந்தாவதும், சிங்கப்பூரில் ஆறாவதும் வந்தன. லண்டன் மருத்துவமனை ஒன்றில் 2015-16-ல் 50 பேருக்கு வந்ததும், நியூயார்க்கில் பெரும்பாலும் பரவியதும் முதல் கிளைதான். ‘ஏற்றுமதி’ என்ற சொல் அசிங்கமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயணம் நடந்திருக்கிறது.

அகார் ஆறுமுகம் (9.38)
வெறும் 54! உலகம் முழுக்க இருக்கும் கிருமிக்கு 54 மாதிரி. எங்கே தேடினார்களோ அங்கே கிடைத்தது, கிடைத்த இடத்தின் பெயரை ஒட்டிவிட்டார்கள். நீங்கள் எத்தனை கிளை எண்ணினாலும் 1996 என்பது 1996தான்.

நெய்தல்நிலா (9.44)
54-லேயே நிற்காதீர்கள். 2020-ல் 19 நாடுகளின் 304 மாதிரிகளை வாசித்தார்கள். அதிலும் அதே நான்கு கிளை, கூட ஈரான் ஒன்று. முதல் கிளையும் நான்காம் கிளையும் ஒரே மேட்டிங் டைப் (இனப்பெருக்க வகை), இரண்டும் மூன்றும் வேறு. இது பெயர் ஒட்டுகிற வேலை இல்லை சார்.

கடுக்காய் (9.52)
2010 நினைவிருக்கிறதா மக்களே? ஸ்வீடனில் ஒரு நோயாளியின் பாக்டீரியாவில் கண்டெடுத்த, ஆன்டிபயாடிக்கை முறிக்கும் நொதிக்கு ‘புதுடெல்லி’ என்று பெயர் வைத்தார்கள், என்டிஎம்-1. நம் அரசாங்கமே கொதித்தது. கொரோனாவுக்கு மட்டும் 2021-ல் ஊர்ப் பெயரெல்லாம் தவறு என்று கிரேக்க எழுத்துக்கு ஓடினார்கள். பூஞ்சைக்கு அந்த மரியாதை கிடையாது. நிலா மேடம் வெளிநாட்டு லேபில் இருப்பதால் அவருக்குச் சுடவில்லை போல.

நெய்தல்நிலா (9.55)
நான் எங்கே இருக்கிறேன் என்பதற்கும் மரபணுவுக்கும் என்ன சம்பந்தம்? கருப்புப் பூஞ்சைத் திரியிலும் இதையேதான் செய்தீர்கள்.

கடுக்காய் (9.57)
அந்தத் திரியில் ‘அது கருப்பே இல்லை’ என்று பத்துப் பக்கம் இழுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சொல்வேட்டை (10.03)
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ‘கிளை’ என்ற சொல்லே தவறு. வங்கிக்கும் கிளை, மரத்துக்கும் கிளை. ஒரே மூதாதையும் அதன் வழிவந்த அத்தனையும் சேர்ந்தால் ‘குலக்கிளை’. அதைச் சரிசெய்யாமல் எங்கே பிறந்தது என்று பேசுவது வீண்.

அகார் ஆறுமுகம் (10.06)
குலம் கோத்திரம் எல்லாம் இங்கே வேண்டாம் ஐயா.

ஐசியூ வெள்ளுடை (10.15)
நான் நர்ஸ். பெரிய மருத்துவமனை ஒன்றில் ஐசியூ டியூட்டி, பெயர் வேண்டாம். எங்களிடம் ஒரு ஐயாவுக்கு சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகும் குழாய்) போட்டுப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல். ரத்தக் கல்ச்சரில் ஈஸ்ட் வந்தது. மெஷின் ‘ஹெமுலோனி’ என்ற வேறொரு கேண்டிடா என்று ரிப்போர்ட் கொடுத்தது. ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஓடியது, காய்ச்சல் இறங்கவே இல்லை. அடுத்தடுத்த படுக்கையில் இன்னும் இரண்டு பேர். மாதிரி வெளி லேபுக்குப் போய் மால்டி-டாஃபில் (புரதங்களை வைத்துக் கிருமியை அடையாளம் காணும் கருவி) பார்த்த பிறகுதான் ஆரிஸ் என்று தெரிந்தது. அதுவரை கட்டில் கம்பி, பிபி கஃப், தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் சாதாரண வார்டு லோஷனில்தான் துடைத்துக்கொண்டிருந்தோம். பிறகு குளோரின் கரைசலுக்கு மாறினோம். என் கேள்வி இதுதான்: கஃப், ப்ரோப் மாதிரி குளோரின் பட்டால் கெட்டுப்போகிற சாமான்களை உங்கள் ஊரில் எப்படித் துடைக்கிறீர்கள்?

அகார் ஆறுமுகம் (10.19)
பார்த்தீர்களா! சிஸ்டர் சொன்னதைக் கவனியுங்கள். மெஷின் ஹெமுலோனி என்றது. 2009-க்கு முன்னால் உலகத்தில் எத்தனை லேபில் ஆரிஸை ஹெமுலோனி என்று எழுதி மூடியிருப்பார்கள்? ஆக நம் ஊரில் பிறந்தது என்பதற்கு ஆதாரமே கிடையாது. கொரியாவில் ஃப்ரீசரைத் திறந்தார்கள், 1996 கிடைத்தது. மற்றவர்கள் திறக்கவில்லை.

நெய்தல்நிலா (10.27)
திறந்தார்கள் சார். 2004 முதல் 2015 வரை பல நாடுகளில் சேமித்த 15,000-க்கும் மேற்பட்ட கேண்டிடா மாதிரிகளைத் தோண்டினார்கள். அதில் ஆரிஸ் நான்கே நான்கு. உலகம் முழுக்க ஒளிந்திருந்தது என்ற உங்கள் கதை அங்கேயே படுத்துவிட்டது.

வெள்ளுடை அக்கா, ஆக்ஸ்ஃபோர்டிலும் அக்குளில் வைக்கிற தெர்மாமீட்டர் ப்ரோப் வழியாகத்தான் பரவியது. அது தென்னாப்பிரிக்கக் கிளை.

அகார் ஆறுமுகம் (10.33)
நான்கு கிடைத்ததல்லவா? பூஜ்யம் இல்லையே?

சரி, பழைய கதை ஒன்று. முழு மரபணு எல்லாம் வருவதற்கு முன்னால் ஏழு ஜீன்களின் துண்டை வாசித்து அல்பிகன்ஸ் என்ற இன்னொரு கேண்டிடாவை வகை பிரித்த காலம் தெரியுமா? அதற்கும் முன்னால் டிஎன்ஏ கைரேகை. அப்போதே அல்பிகன்ஸில் ‘எஸ்ஏ’ என்று தென்னாப்பிரிக்காவுக்கு ஒன்று, ‘இ’ என்று ஐரோப்பாவுக்கு ஒன்று பெயர் வைத்தார்கள். அங்கே அதிகம் கிடைக்கிறது என்றுதான் அர்த்தம். ‘இ’ கிளையைக் காட்டி ஐரோப்பாக்காரன் நோயை ஏற்றுமதி செய்தான் என்று எவனாவது வீடியோ போட்டானா? நம்மவன் என்றால் மட்டும் இளக்காரம்.

நெய்தல்நிலா (10.40)
இப்போது நீங்கள் சொன்னது நியாயமான பேச்சு. பெயர் பிறந்த இடத்தைக் காட்டாது, அதிகம் கிடைத்த இடத்தைக் காட்டும். இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் 1996-ஐ இழுக்கத் தேவையே இருந்திருக்காது.

அகார் ஆறுமுகம் (10.42)
முதல் பதிவிலிருந்தே இதைத்தான் சொல்கிறேன். 1996-ஐ ஏன் விட வேண்டும்?

கடுக்காய் (10.48)
அந்தமானை மறந்துவிட்டீர்களே. 2021-ல் நம் டெல்லிக்காரர்களே அங்கே கடற்கரை மணலிலும் மனித நடமாட்டம் இல்லாத உப்புச் சதுப்பிலும் ஆரிஸை எடுத்தார்கள். அதில் ஒன்று சூட்டில் சரியாக வளரவே இல்லை. பூமி சூடாகச் சூடாக இந்தப் பூஞ்சை உடம்புச் சூட்டுக்குப் பழகிக்கொண்டது என்று 2019-லேயே ஒரு கருதுகோள் சொன்னார்கள். கடலில் இருந்ததற்கு ஊர் ஏது, பாஸ்போர்ட் ஏது?

நெய்தல்நிலா (10.53)
அந்த அந்தமான் மாதிரிகள் எந்தக் கிளை என்று பார்த்தீர்களா? முதல் கிளை. தெற்காசியக் கிளை!

அகார் ஆறுமுகம் (10.54)
மணலில் சுற்றுலாக்காரன் நடக்கமாட்டானா? டெல்லியிலிருந்து போனவன் காலில் ஒட்டிப் போயிருக்கும்.

நெய்தல்நிலா (10.56)
டெல்லியிலிருந்தா? சார், நீங்கள் யார் பக்கம்?

அகார் ஆறுமுகம் (10.57)
ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சிங்கப்பூரிலிருந்தும் போயிருக்கலாம். சொல்லைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

ஐசியூ வெள்ளுடை (11.05)
இன்னொன்று. 2011-12-ல் நம் நாட்டு ஐசியூக்களில் ரத்தத்தில் அதிகம் வந்தது ஆரிஸ் கிடையாது, ட்ராபிகாலிஸ் என்ற இன்னொரு கேண்டிடா. 27 ஐசியூக்களில் 1,400 நோயாளிகளைப் பார்த்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதுதான். ஆரிஸ் ஐந்து சொச்சம், ஆனால் 27-ல் 19 ஐசியூக்களில் தலைகாட்டியது. ட்ராபிகாலிஸுக்கு யாரும் திரி ஆரம்பிக்கவில்லையே? கஃப் கேள்விக்கும் பதில் வரவில்லை.

கடுக்காய் (11.08)
ட்ராபிகாலிஸுக்கு வெள்ளைக்காரன் ஊர்ப் பெயர் வைக்கவில்லை சிஸ்டர், அதனால் நமக்கு ரோஷம் வரவில்லை.

சொல்வேட்டை (11.12)
‘ட்ராபிகாலிஸ்’ என்பதே வெப்பமண்டலம் என்று பொருள்படும் பெயர்தான். அதுவும் ஊர்ப் பெயர் வகையில் சேரும்.

கடுக்காய் (11.13)
ஐயோ.

அகார் ஆறுமுகம் (11.20)
ஆரிஸ் பேரினத்தையே மாற்றி 2024-ல் கேண்டிடோசைமா என்று எழுதச் சொல்லிவிட்டார்கள். பேரை இப்படி மாற்றிக்கொண்டே இருக்கும் ஆட்கள் வைத்த கிளைப் பெயரை வைத்து என் நாட்டைக் குறை சொல்வதா? நிலாவுக்கு ஒரே கேள்வி. சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். ரத்தத்தில் கிடைத்தவற்றில் தேதி போட்ட பழைய மாதிரி எந்த வருடம், எந்த நாடு?

நெய்தல்நிலா (11.24)
இரண்டாம் கிளை சார்.

அகார் ஆறுமுகம் (11.25)
வருடம் கேட்டேன்.

சொல்வேட்டை (11.31)
இரண்டாம் குலக்கிளை.