இடது கை ஆட்டக்காரருக்கு ஓவர்கிரிப் ஓரம் உருண்டு வருவது ஏன்?

கேள்வி

ரெண்டு வருஷமா டென்னிஸ் ஆடுறேன். இடது கை. உள்ளங்கை ரொம்ப வேர்க்கும். முதல் செட் முடியறதுக்குள்ள ராக்கெட் கைக்குள்ள திரும்ப ஆரம்பிச்சிடுது. வழுக்குதேன்னு இறுக்கிப் பிடிச்சுப் பிடிச்சு இப்ப முழங்கை வலிக்குது. நல்லா ஒட்டற ஓவர்கிரிப்பா (கைப்பிடி மேல சுத்தற மெல்லிய டேப்) பார்த்து வாங்கிச் சுத்தினேன். அரை மணி நேரம் அருமையா இருக்கு, அப்புறம் சோப்பைப் பிடிச்ச மாதிரி ஆயிடுது. மூணாவது நாளே ஓரமெல்லாம் உருண்டு மேல வந்துடுது. ஒண்ணுக்கு மேல இன்னொண்ணு சுத்தினா சரியாகுமா? என் ராக்கெட்டோட கைப்பிடிச் சுற்றளவு 4 1/4 அங்குலம்.

பதில் 1

ரெண்டு வேண்டாங்க. ஒரு ஓவர்கிரிப் சுத்தினாலே கைப்பிடிச் சுற்றளவு ஏறக்குறைய 1/16 அங்குலம் கூடும். ரெண்டு சுத்தினா 4 3/8 ஆயிடும், அதாவது ஒரு முழு சைஸ். கைப்பிடியோட எட்டுப் பட்டையும் மழுங்கிப் போகும். எந்தப் பிடியில இருக்கோம்னு விரலுக்குத் தெரியறதே அந்தப் பட்டைகளாலதான்.

பதில் 2

நானும் இடது கைதான். ஓரம் உருளறதை நாலஞ்சு வருஷம் அனுபவிச்சிருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

முதல்ல வகை. அதிகமா வேர்க்கற கைக்கு ஒட்டற வகை சரிப்படாது. மேற்பரப்பு ஈரத்தை உள்ளே விடாது, வியர்வை மேலேயே நிக்கும். தொட்டா காகிதம் மாதிரி வறண்டு இருக்கற, உறிஞ்சற வகையை வாங்குங்க. வெளிர்நீல டூர்னா கிரிப் அந்த ரகம்: ஈரம் பட்டதும்தான் பிடிமானம் கூடும். சீக்கிரம் தேயும், ஆனா உங்க முழங்கைக்காக அதைப் பொறுத்துக்கலாம். கை வழுக்கலேன்னா இறுக்கிப் பிடிக்கவே தோணாது.

அடுத்து திசை. உங்க சிக்கல் பெரும்பாலும் இதுதான். உறையில போட்டிருக்கற படம் பொதுவா வலது கைக்காரருக்கானது. அதே மாதிரி நாம சுத்தினா, ஒவ்வொரு ஷாட்லயும் விரல் இழுக்கறப்ப மடிப்போட ஓரம் கிளம்பும். படத்தைக் கண்ணாடியில பார்க்கற மாதிரி எதிர்ப்பக்கமாச் சுத்துங்க. என் பயிற்சியாளர் ஒருநாள் என் ராக்கெட்டை வாங்கிப் பிரிச்சு, மாத்திச் சுத்திக் கொடுத்தார். அன்னைக்கே ஓரம் உருள்றது நின்னுடுச்சு.

சுத்தறதுக்கு முன்னாடி கைப்பிடியோட மேல் முனையில இருக்கற ரப்பர் வளையத்தை மேலே தள்ளிடுங்க, ஓவர்கிரிப் மேல இருக்கற மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிச்சிடுங்க (புதுசா சுத்தறவங்க நிறைய பேர் இதை மறந்துடறாங்க). கூர்மையான முனையை அடிக்குமிழ்ல ஒட்டி, அங்கேயே ஒரு முழுச் சுத்து நேரா. அப்புறம் சாய்வா, 2, 3 மில்லிமீட்டர் மட்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறற மாதிரி. ராக்கெட்டைத் திருப்புங்க, டேப் பிடிச்ச கை அசையாம ஒரே இழுப்புல இருக்கட்டும். தளர்வா விட்டா சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம்தான் கொப்புளத்தைக் கொண்டு வரும். மேலே வந்ததும் மிச்சத்தைச் சாய்வா வெட்டி, முடிவு டேப்பை இழுத்து ஒட்டி, வளையத்தை இறக்கிடுங்க.

கேள்வி கேட்டவர்

நன்றிங்க! பிரிச்சுப் பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரி வலது கைக்குத்தான் சுத்தி வெச்சிருக்கேன். ஒரு சந்தேகம்: அடியில இருக்கற கம்பெனி கிரிப்பும் வலது கைப் பக்கமாத்தான் போகுது. அதையும் கழட்டணுமா?

பதில் 2

வேண்டாம், அதுமேல எதிர்த்திசையில சுத்தலாம். நான் அப்படித்தான் சுத்தறேன். அழுத்திப் பாருங்க: மெத்துனு இருந்தா விட்டுடுங்க. கெட்டியாகி, பிரிச்சதும் வியர்வை நாத்தம் அடிச்சா புது ரீப்ளேஸ்மென்ட் கிரிப் (கம்பெனி கிரிப்புக்குப் பதிலாப் போடறது) போட்டுட்டு அதுமேல ஓவர்கிரிப் சுத்துங்க. ஓவர்கிரிப்பை மட்டும் தனியா, மரத்துண்டு மாதிரி வெறும் கைப்பிடி மேல சுத்திடாதீங்க. முழங்கை வலியோட அந்த அதிர்ச்சி தாங்காது.