பதிமூன்று கண் பாலத்துப் படம் வெயிலில் வெளுத்துவிட்டது: முகத்தை மீட்க வழி உண்டா?

கேள்வி: கழுதுருட்டி வாசகன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா செங்கோட்டை–புனலூர் மீட்டர் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய அந்தப் பாதையை அகலப்படுத்துவதற்காக 2010இல் போக்குவரத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தின் அருகே அவரை நிற்க வைத்து என் சித்தப்பா மகன் ஒரு படம் எடுத்தான். தாத்தாவுக்குப் பின்னால், பாலத்தின் மேல், ரயில் வந்துகொண்டிருக்கிறது. சற்று முன்புதான் குகை வாசலின் இருட்டில் படம் எடுத்திருந்ததால், கேமரா அந்த இருட்டுக்கு ஏற்ற அமைப்பிலேயே இருந்திருக்கிறது. உச்சி வெயிலில் எடுத்த இந்தப் படம் முற்றிலும் வெளுத்துவிட்டது.

பாலத்தின் கருங்கல் தூண்களும் நிழலில் இருக்கும் செடிகளும் ஓரளவு நன்றாகத் தெரிகின்றன. ஆனால் தாத்தாவின் வெள்ளைச் சட்டை வானத்தோடு கலந்துவிட்டது. வெயில் பட்ட நெற்றியிலும் இடது கன்னத்திலும் எதுவும் தெரியவில்லை. கிம்ப் மென்பொருளில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால், சட்டை, கன்னம், வானம் மூன்றும் ஒரே சாம்பல் நிறமாகின்றன. என்னிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த, 1600 புள்ளி அகலமுள்ள ஜேபெக் கோப்பு. தாத்தாவும் இப்போது இல்லை, அந்த மீட்டர் பாதையும் இல்லை. தை மாதம் குடும்பத்தார் கூடும்போது, இதை 18க்கு 12 அங்குல அளவில் அச்சிட்டு வீட்டில் மாட்ட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சித்தூர் ஸ்டுடியோ

தம்பி, நான் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பழைய கல்யாணப் படங்களைத் திருத்தித் தருவதுதான் இப்போது எனக்குப் பெரும்பாலான வேலை. உங்கள் படத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் எந்தக் கருவியையும் தொட வேண்டாம்.

ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை மட்டுமே போகும். வெளிச்சம் மிகுந்து ஒரு நிறம் 255ஐ எட்டிவிட்டால், அதற்கு மேல் இருந்த வேறுபாடுகள் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் நசுங்கிவிடுகின்றன. மூன்று நிறங்களும் 255 ஆகிவிட்ட இடத்தில் மீட்பதற்கு ஒன்றும் கிடையாது. நீங்கள் வெளிச்சத்தைக் குறைத்தபோது அந்த ஒரே எண் வேறொரு ஒரே எண்ணாக இறங்கியது; சாம்பல் வந்த காரணம் அதுதான்.

ஆனால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற எல்லா இடத்திலும் மூன்று நிறங்களும் ஒன்றாக உச்சத்தைத் தொடுவதில்லை என்பதே இந்த வேலையில் நமக்கு இருக்கிற பெரிய நம்பிக்கை. மனிதத் தோலில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. ஆகவே வெயில் பட்ட கன்னத்தில் முதலில் சிவப்பு நிரம்பும், பிறகு பச்சை. நீலத்தில் கன்னத்தின் மேடு பள்ளமும் கண்ணோரச் சுருக்கமும் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வானத்தில் இது தலைகீழ்: அங்கே நீலம்தான் முதலில் நிரம்பும், சிவப்பு மிஞ்சும். வெள்ளைச் சட்டையின் மடிப்புகளுக்குள் நேர் வெயில் விழாமல் வானத்து ஒளி மட்டும் விழுவதால் அவை சற்றே நீலம் கலந்திருக்கும். அதனால் சட்டை மடிப்பையும் சிவப்பில் தேடுங்கள்.

கிம்பில் நிறங்கள் பட்டியலுக்குள் உள்ள டீகம்போஸ் என்ற கட்டளை, படத்தை நிறத்துக்கு ஒன்றாக மூன்று கருப்புவெள்ளை லேயர்களாக, அதாவது அடுக்குகளாக, பிரித்துத் தரும். முகத்தையும் சட்டையையும் ஒவ்வொரு லேயரிலும் பெரிதாக்கிப் பார்த்து, எதில் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அதன் பிறகு பேசுவோம்.

பதில்: குப்பம் நண்பர்

ஸ்டுடியோ ஐயா சொன்னதைச் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வாட்ஸ்அப் வழியாக வந்த படம் சுருக்கப்பட்ட படம். 1600 புள்ளிகளை 18 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 89 புள்ளிகள்தான் கிடைக்கும். போதாததற்கு, மறுபடி அழுத்திச் சேமித்ததில் வெளிச்சப் பகுதிகளில் இருந்த நுண்ணிய வேறுபாடுகள்தான் முதலில் போயிருக்கும். நீங்கள் தேடுவதே அந்த வேறுபாடுகளைத்தான். ஆகவே சித்தப்பா மகனிடம் பழைய கணினி, சிடி, மெமரி கார்டு எது இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். கார்டிலிருந்து அழித்திருந்தாலும், அதன் பிறகு அதில் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் கோப்பு திரும்பக் கிடைக்கலாம்.

கூடவே ரா கோப்பு, அதாவது கேமரா பதிந்த ஒளியை ஜேபெக்காக மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு, ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 12 பிட் ரா கோப்பில் 4096. ரா கோப்பு கிடைத்துவிட்டால், டார்க்டேபிள் அல்லது ராதெரபி என்ற மென்பொருளில் அதைத் திறந்து, நிரம்பி வழிந்த வெளிச்சப் பகுதிகளை மறுகட்டமைக்கும் வசதியை முதலில் பயன்படுத்த வேண்டும்.

பதில்: கழுதுருட்டி வாசகன்

குப்பம் அண்ணனுக்கு மிக்க நன்றி. கொல்லத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டில் ஒரு சிடி கிடைத்தது. ரா கோப்பு இல்லை. ஆனால் கேமராவிலிருந்து நேராக வந்த, 3888க்கு 2592 புள்ளிகள் உள்ள ஜேபெக் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தேன். சிவப்பில் முகம் முழுவதும் வெள்ளை. பச்சையில் மூக்கும் வாயும் தெரிகின்றன. நீலத்தில் நெற்றிக் கோடுகளும் இடது கண்ணும் கன்னமும் அப்படியே இருக்கின்றன! ஆனால் அங்கே சிறு சிறு கட்டங்களாகவும் மணல் மணலாகவும் தெரிகிறது. சட்டையின் வலப் பக்கத்து மடிப்புகள் சிவப்பில் கிடைத்தன. இடது தோளும் அதை ஒட்டிய வானமும் மூன்றிலும் வெறும் வெள்ளைதான்.

பதில்: நகரி வாசகர்

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் முகத்தை நொடியில் சரிசெய்து தருகின்றனவே, அதில் ஏற்றிப் பார்க்கலாமே? என் அத்தையின் பழைய படம் ஒன்று மிகத் தெளிவாக வந்தது.

பதில்: சித்தூர் ஸ்டுடியோ

நகரி நண்பருக்கு ஒரு வார்த்தை. அந்தச் செயலிகள் இல்லாத கன்னத்தைத் தாம் கற்ற ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து ஊகித்து வரைகின்றன. தெளிவு கிடைக்கும், ஆனால் கண்ணோரச் சுருக்கமும் பல் வரிசையும் வேறொருவருடையதாக மாறிவிடும். ஐம்பது பேர் கூடும் வீட்டில் முதலில் பாட்டியின் கண்தான் அதைக் கண்டுபிடிக்கும். இந்தத் தம்பிக்கு நீலத்தில் தாத்தாவின் உண்மையான முகமே கிடைத்திருக்கும்போது, ஊகித்த முகம் எதற்கு?

தம்பி, வேலையை இப்படிச் செய்யுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்து, கிம்பில் 16 பிட் அல்லது அதற்கு மேலான நுட்பத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மெல்லிய வெளிச்ச மாற்றங்கள் பட்டை பட்டையாக உடையும். வேலை முடியும் வரை கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃபிலேயே சேமியுங்கள்.

முதலில் படம் முழுவதன் வெளுப்பையும் குறைக்க வேண்டும். படத்தின் நகல் லேயர் ஒன்றை மேலே வைத்து மல்டிப்ளை முறைக்கு மாற்றுங்கள். இரண்டு மதிப்புகளைப் பெருக்கி 255ஆல் வகுப்பதால், 200 என்பது 157 ஆகும், 240 என்பது 226 ஆகும், 255 மட்டும் 255ஆகவே நிற்கும். வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டையை நகர்த்தும்போது வந்த சாம்பல் இதில் வராது. ஏற்கெனவே சரியாக இருக்கும் தூண்களும் செடிகளும் கறுத்துவிடாமல் இருக்க, அந்த லேயருக்குப் படத்தின் கருப்புவெள்ளை நகலையே மாஸ்க்காக இடுங்கள்; மாஸ்க் என்பது லேயரின் மேல் இடும் மறைப்பு, அதில் வெள்ளை உள்ள இடத்தில் லேயர் தெரியும், கறுப்பு உள்ள இடத்தில் மறையும். வெளிச்சமான இடங்களில் மட்டும் அது வேலை செய்யும்.

முகம்தான் பொறுமை கேட்கும் இடம். நீல லேயரை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டி, நிறத்தைத் தொடாமல் ஒளியளவை மட்டும் மாற்றும் லூமினன்ஸ் முறைக்கு மாற்றி, கறுப்பு மாஸ்க்கால் மூடுங்கள். தோலின் நீலம் இயல்பாகவே இருண்டது. ஆகவே கர்வ்ஸ் என்ற வெளிச்ச வளைகோட்டுக் கருவியைக் கொண்டு, வெயில் பட்ட கன்னம் நிழல் பக்கக் கன்னத்தைவிடச் சற்று வெளிச்சமாக இருக்கும் அளவுக்கு உயர்த்தி, பிறகு மென்மையான தூரிகையால் மாஸ்க்கில் வெள்ளை தீட்டி நெற்றியையும் கன்னத்தையும் மெல்ல மெல்லத் திறவுங்கள். மூக்குக்கும் வாய்க்கும் பச்சை லேயரையே எடுங்கள், அது சுத்தமாக இருக்கும். நீங்கள் பார்த்த கட்டங்கள் ஜேபெக்கின் 8க்கு 8 புள்ளிக் கட்டங்கள். ஒளியளவைக் கணக்கிடும்போது நீலத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அளவே இடம் கிடைப்பதால், கோப்பை அழுத்திச் சுருக்கியதன் சேதமெல்லாம் அங்கே வந்து சேர்கிறது. நீல லேயரை மட்டும் லேசாக மங்கலாக்குங்கள், சுருக்கங்கள் கரையும் அளவுக்குப் போக வேண்டாம்.

இப்போது கன்னத்தில் வடிவம் வந்திருக்கும், நிறம் வந்திருக்காது. கழுத்தின் நிழல் பக்கத்திலிருந்து தோல் நிறத்தை எடுத்து, நிறத்தை மட்டும் மாற்றும் முறையில் வைத்த புதிய லேயரில் மிகக் குறைந்த அடர்த்தியில் பூசுங்கள். கடைசியில் படம் முழுவதற்கும் மணல் போன்ற மெல்லிய புள்ளிகளைச் சேர்த்தால், திருத்திய இடமும் திருத்தாத இடமும் ஒன்றாகும். சட்டையின் வலப் பக்கத்துக்குச் சிவப்பு லேயரை வைத்து இதே முறையைச் செய்யலாம்.

இடது தோளை மீட்க முடியாது, வரையத்தான் வேண்டும். வானத்துக்கு 235 அளவில் இளநீலம் கலந்த மென்னிறமும் சட்டைக்கு 248 அளவில் சற்று மஞ்சள் ஓடிய வெள்ளையும் கொடுத்து, வலது தோளின் சரிவைப் பார்த்து எல்லையை இடுங்கள். வெறும் 255ஆக விட்டால் அச்சில் அங்கே மையே விழாது, காகிதத்தில் ஓட்டை போட்டதுபோல் தெரியும். அந்தத் தோள் கையால் வரையப்பட்டது என்று படத்தின் பின்புறம் ஒரு வரி எழுதிவைப்பது, பின்னால் வரும் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் மரியாதை.

நிறம் சரியாக அமையவில்லை என்றால், பச்சையும் நீலமும் கலந்து கருப்புவெள்ளையில் அச்சிடுங்கள். என் அனுபவத்தில், இவ்வளவு வெளுத்த படங்களில் பாதிக்கு மேல் கருப்புவெள்ளையில்தான் மனம் நிறைகிற அளவுக்கு வந்திருக்கின்றன. கருங்கல் பாலத்துக்கும் அது நன்றாகப் பொருந்தும். 3888 புள்ளிகளை 18 அங்குலத்துக்கு வைத்தால் அங்குலத்துக்கு 216 கிடைக்கிறது, சுவரில் மாட்டும் படத்துக்கு அது போதும். முழு அளவில் அச்சிடக் கொடுப்பதற்கு முன், முகமும் தோளும் உள்ள பகுதியை மட்டும் அதே பெரிதாக்கலில் வெட்டி, அதே கடையில், அதே காகிதத்தில் 6க்கு 4 அங்குலத்தில் ஒரு சோதனை அச்சு வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கணினித் திரை ஒளிர்வதால், திரையில் சரியாகத் தெரிகிற கன்னம் காகிதத்தில் பெரும்பாலும் ஒரு படி இருண்டுதான் வரும்; அந்த வித்தியாசத்துக்கு ஏற்பக் கர்வ்ஸை உயர்த்திக்கொள்ளுங்கள்.