பகுதி முதலில், பாட்டு அப்புறம்: பர்மா வாலிபர் வேதபாடக் கூட்டங்களின் ஆராதனை அனுபவங்கள்

ரங்கூனிலிருந்து ஒரு சகோதரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் வேதபாடத்தில் ஆராதனை நேரத்தை எப்படித் திட்டமிடுகிறீர்கள், மனதில் நின்ற ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் குழுவில் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், படித்ததெல்லாம் பர்மிய மொழியில். 1965-ல் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சபையிலோ கோவிலிலோ வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தால்தான் தமிழ் எழுத்து. அதனால் பாட்டுத் தாளைப் பர்மிய எழுத்தில்தான் அடித்துக் கொடுக்கிறோம். அந்த எழுத்தில் ரகரத்தைப் பெரும்பாலும் யகரமாகத்தான் வாசிப்பார்கள். 'ராஜா' என்று அடித்தால் 'யாஜா' என்று பாடுவார்கள். முதலில் ஒருவர் பாடிக் காட்டிவிட வேண்டும். வாசிப்புக்குத் தமிழ் வேதாகமமும் இருக்கும், அமெரிக்க மிஷனரி ஜட்சன் மொழிபெயர்த்து, பிறகு திருத்தி 1840-ல் அச்சான பர்மிய வேதாகமமும் இருக்கும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாததால் கீபோர்டை நம்புவதில்லை. கிட்டாரும் கஞ்சிராவும் போதும்.

முன்பெல்லாம் கிட்டார் வைத்திருப்பவருக்குப் பிடித்த நான்கு பாட்டுதான் ஆராதனை. நன்றாகவே பாடுவார்கள். ஆனால் பாட்டு முடிந்து வேதத்தைத் திறந்ததும் வேறொரு கூட்டத்துக்கு வந்த மாதிரி இருக்கும். இப்போது படிக்கப்போகும் வேதப் பகுதியை முதலில் முடிவு செய்கிறோம். புதன்கிழமை இரண்டு பேர் உட்கார்ந்து அதைப் படிப்பார்கள். அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பகுதி தேவனிடம் நம்மை என்ன சொல்ல வைக்கிறது? நன்றியா, அழுகையா, மன்னிப்பா, 'ஏன் ஆண்டவரே' என்ற கேள்வியா? பாட்டு வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சங்கீதம் 136 படித்த வாரத்தைச் சொல்கிறேன். 26 வசனம், ஒவ்வொன்றும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்றே முடியும். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, ஜனங்கள் மறுபாதியைச் சொல்லும் அமைப்பு அந்தச் சங்கீதத்திலேயே இருக்கிறது. நாங்களும் அப்படியே வாசித்தோம். படைப்பு வந்தது, எகிப்து வந்தது, வனாந்தரம் வந்தது. அப்புறம் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, "உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள், பதில் வரியை எல்லாரும் சேர்ந்து சொல்லுவோம்" என்றோம்.

பரீட்சையில் தேறியது, வேலை கிடைத்தது என்று வந்துகொண்டிருந்தது. ஒரு பெண், "2021-ல் அப்பாவுக்கு ஆக்சிஜன் கிடைத்தது" என்று வாசித்தாள். அந்த ஜூலையில் ரங்கூனில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஜனங்கள் எப்படி வரிசையில் நின்றார்கள் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எல்லாரும் சத்தமாக, "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றார்கள். அடுத்து உட்கார்ந்திருந்த தம்பி தன் தாளைப் பார்க்கவே இல்லை. "எங்க அப்பாவுக்குக் கிடைக்கல" என்றான்.

யாரும் வாய் திறக்கவில்லை. கிட்டார் வைத்திருந்தவர் என்னைப் பார்த்தார், ஒரு பாட்டை ஆரம்பிக்கட்டுமா என்பதுபோல. வேண்டாம் என்று தலையசைத்தேன். அந்த நேரத்தில் ஒரு பாட்டைப் போட்டு மூடியிருந்தால் அந்தப் பிள்ளை இனி எங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "சொல்லுங்க அக்கா, நானும் சொல்றேன்" என்றான். மெதுவாகச் சொன்னோம். சிலர் அழுதார்கள். 23-ம் வசனத்தில் 'நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர்' என்று வருகிறதே, அன்றைக்கு வேதபாடம் முழுவதும் அந்த ஒரு வசனத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்த வாரத்துக்கு வேறு பகுதி குறித்திருந்தோம். அதை மாற்றி சங்கீதம் 13 எடுத்தோம். ஆறே வசனம், 'எதுவரைக்கும்' என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்பது. அன்று பாட்டே வைக்கவில்லை. அதுவும் ஆராதனைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மோல்மேனிலிருந்து ஒரு சகோதரர்

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் அனுபவம் வேறு மாதிரி.

பர்மியப் புத்தாண்டுக்கு ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் வாலிபர் முகாம் வைப்போம். ஒரு வருஷம் லூக்கா 24. எம்மாவுக்குப் போன சீஷர் இரண்டு பேரும் ஏழெட்டு மைல் பேசிக்கொண்டே நடந்தார்கள் என்றால், நாமும் நடந்தே படித்தால் என்ன? விடியற்காலையில், தெருவில் தண்ணீர் ஊற்றத் தொடங்கும் முன்பே, ஆற்றங்கரைச் சாலையில் இரண்டிரண்டு பேராக அனுப்பினோம். முதல் பாதித் தூரத்தில் 'நான் எதை நம்பி ஏமாந்தேன்' என்பதைப் பேச வேண்டும். மீதித் தூரத்தில் ஒருவர் வசனத்தை வாசிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டு வர வேண்டும். ஜோடியை நாங்களே பிரித்தோம். நண்பனோடு நண்பனை விட்டால் பேச்சு கால்பந்துக்குப் போய்விடும்.

முடிவில் அப்பம் பிட்கும் இடம் வருகிறது. இதை முன்கூட்டியே சயாவிடம் (எங்கள் போதகரிடம்) கேட்டோம். திருவிருந்து போல ஆகிவிடக் கூடாது, அதற்குரிய நேரமும் ஒழுங்கும் சபையில் இருக்கிறது என்றார். நியாயம்தான். அதனால் லபெயே கடையில் (தேநீர்க் கடையில்) உட்கார்ந்து, சூடான நான்பியா ரொட்டியும் அவித்த பட்டாணியும் வாங்கி, ஒருவர் பிட்டு மற்றவருக்குக் கொடுத்துச் சாப்பிட்டோம். ஒரு தம்பி தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "வழியில பேசும்போது தெரியல, இப்பத்தான் தெரியுது" என்றான். அப்பம் பிட்டபோது சீஷர்களின் கண்கள் திறந்து இயேசுவை அறிந்தார்கள் என்ற 31-ம் வசனத்தை அவன் இன்னும் வாசித்திருக்கவில்லை.

பெகுவிலிருந்து ஒரு சகோதரி

எங்கள் பெரியவர்களுக்குக் கைதட்டினாலே வருத்தம். புதிதாக எதைச் செய்தாலும் 'இது உலகத்தாருடைய ஆட்டம்' என்பார்கள். வாலிபர்கள் கும்மி அடித்து ஒரு சங்கீதத்தைப் பாட ஆசைப்படுகிறார்கள். என்ன செய்வது?

ரங்கூன் சகோதரி

கும்மியா? தாராளமாகச் செய்யுங்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கும்மியிலும் குறவஞ்சியிலும் சுவிசேஷத்தைப் பாடியவர். அவருடைய கீர்த்தனைகளைத்தானே பெரியவர்கள் ஞாயிறுதோறும் பாடுகிறார்கள்! கும்மி மெட்டு தெரிந்த பாட்டிமார் யாராவது சபையில் இருந்தால் அவரையே சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்கும் நல்லது, அந்தப் பாட்டிக்கும் சந்தோஷம்.

இப்போது மலேசியாவில் வேலை செய்யும் ஒரு தம்பி

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்த பிறகு எங்கள் குழுவில் பல பேர் வெளியே வந்துவிட்டோம். ரங்கூனில் இருப்பவர்களோடு போனில்தான் வேதபாடம். சேர்ந்து பாடிப் பார்த்தோம், ஆகவில்லை. ஒருவர் குரல் அடுத்தவருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும், தாளம் சிதறிவிடும். இப்போது ஒருவர் மட்டும் பாடுவார், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு அவரவர் அறையில் பாடுவோம். ஆனால் மாறி மாறி வாசிப்பது போனில் அழகாக வருகிறது. ஒரு வசனம் அங்கிருந்து, ஒரு வசனம் இங்கிருந்து. ஜெபக் குறிப்புகளை முன்னாலேயே குரல் பதிவாக வாங்கி வைத்துக்கொள்கிறோம். அங்கே இன்டர்நெட் போய்விட்டாலும் அவர்கள் குரல் கூட்டத்தில் கேட்கும்.

அடுத்தது சங்கீதம் 137. பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுதவர்களின் பாட்டு. நாங்கள்தான் நடத்தவேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறோம். கடைசி வசனங்கள் பழிவாங்கும் கோபத்தில் முடிகின்றன. அதை விட்டுவிட்டு வாசிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை, எங்களில் சிலருக்குள் அதே கோபம்தான் இருக்கிறது. ஒன்பது வசனத்தையும் வாசித்து, அந்தக் கோபத்தைத் தேவனிடம் சொல்லும்படி ஆராதனையை அமைக்க நினைக்கிறோம். இந்தச் சங்கீதத்தை வாலிபர்களோடு யாராவது செய்திருந்தால், கடைசி வசனத்துக்குப் பிறகு என்ன வைத்தீர்கள் என்று எழுதுங்கள் அக்கா, அண்ணா. புதன்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.