பாலிஹவுஸ் வெள்ளரி: பெண்பூ ஹைபிரிட்னு வாங்கினதுல ஆண்பூ, பிஞ்சும் நிக்கல

கேள்வி (கோழிப்பாறைக்காரன்):
வேலந்தாவளம் பக்கம் 10 சென்ட் பாலிஹவுஸ்ங்க, சுத்தியும் 40 மெஷ் வலை. சாலட் வெள்ளரி, பாக்கெட்டுல 'கைனோசியஸ் எஃப்1'னு (பெண்பூ மட்டும் பூக்கிற முதல் தலைமுறை ஹைபிரிட்) போட்டிருந்துச்சு. அதுல கொஞ்சம் விதைக்கு மட்டும் வேற கலர் பூசியிருந்தது. இப்ப பத்துல ஒரு செடி முழுக்க ஆண்பூ. மத்த செடிகள்ல கணுவுக்கு கணு பெண்பூ இருக்கு, ஆனா பிஞ்சு விரல் நீளம்கூட வராம மஞ்சளாகி உதிருது. தப்பி நிக்கறதும் கோணல். ஆண் செடியைப் பிடுங்கிடலாமா? எத்ரல் (பெண்பூவைக் கூட்டற ஹார்மோன் மருந்து) அடிச்சா சரியாகும்னு கடையில சொல்றாங்க.

பதில் 1 (கொடிப்பந்தல்):
பிடுங்கிடாதீங்க! அந்தக் கலர் விதைதான் உங்க ஆண் செடி. பெண்பூ மட்டுமே பூக்கிற ரகம் மகரந்தத்துக்கு வேற எங்க போகும்? அதனாலதான் நூத்துக்குப் பத்து விதை சாதாரண ரகத்தைக் கம்பெனியே கலந்து, அடையாளத்துக்குக் கலர் பூசிக் குடுக்குது. இது திறந்த வயலுக்கான விதை. உங்க வலைக்குள்ள தேனீ வராது, அதான் பிஞ்சு உதிருது. அரைகுறையா மகரந்தம் பட்ட பிஞ்சு கோணலாகும்.

இந்தப் பயிரைக் காப்பாத்த ரெண்டு வழி. ஒண்ணு, கைச்சேர்க்கை: காலையில 9 மணிக்குள்ள, அன்னிக்கு விரிஞ்ச ஆண்பூவைப் பறிச்சு, இதழைக் கிள்ளிட்டு, நடுவுல இருக்கிற மஞ்சள் தூளை பெண்பூவோட சூல்முடி மூணு மடலும் படற மாதிரி தடவணும். ஒரு மடல் விட்டுப்போனா அந்தப் பக்கம் விதை பிடிக்காம காய் வளையும். வெயில் ஏறினப்புறம் தடவறது வீண் வேலை.

இன்னொண்ணு கொசுத்தேனீப் பெட்டி உள்ள வைக்கறது. சாதாரண இந்தியத் தேனீ குடிலுக்குள்ள கூரை ஷீட்லயே மோதிக்கிட்டு கிடக்கும், கொசுத்தேனீ அடங்கி வேலை செய்யும். பெட்டி இருக்கிற வரைக்கும் பூச்சிமருந்து கூடாது.

பதில் 2 (மண்ணும் நீரும்):
எத்ரல் வேண்டாம்ங்க. அது ஆண்பூ அதிகம் வர்ற நாட்டு ரகத்துக்கு, ரெண்டு இலை, நாலு இலைப் பருவத்துல 200 பிபிஎம் அளவுல அடிக்கிறது. 39 சதவீத மருந்துன்னா லிட்டருக்கு அரை மில்லி. பூவும் பிஞ்சுமா இருக்கிற செடியில அடிச்சா எத்திலீன் வெளியாகி இருக்கிற பிஞ்சும் கொட்டும், கொடியும் குட்டையாகும். ஜிப்ரலிக் அமிலம் இதுக்கு நேர் எதிர், ஆண்பூவைத் தூண்டும். 'வளர்ச்சி ஊக்கி'ன்னு விக்கிற டப்பாவுல என்ன கலந்திருக்குன்னு லேபிளைப் படிச்சுட்டு அடிங்க.

மகரந்தம் சேந்தும் உதிர்ந்தா சூட்டைப் பாருங்க. மாசி வெயில்ல குடிலுக்குள்ள 35 டிகிரி தாண்டினா மகரந்தமே பலன் தராது. பக்கத் திரையைச் சுருட்டிட்டு, 11லிருந்து 3 வரை ஃபாகரை (பனி மாதிரி தண்ணி தெளிக்கிற கருவி) விட்டு விட்டு ஓட்டுங்க. வறண்ட காத்து வேற, இலைக்கு அடியில செஞ்சிலந்தி இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க. கிணத்துத் தண்ணியோட ஈசி (கரைஞ்ச உப்பைக் காட்டற மின்கடத்து அளவு, dS/m) 1 தாண்டினா மழைத்தண்ணி கலந்துக்கணும். உரம் சேந்த பிறகு 1.8லிருந்து 2.2 போதும். கால்சியம் நைட்ரேட்டை சல்பேட், பாஸ்பேட் உரத்தோட ஒரே தொட்டியில கரைச்சீங்கன்னா வெள்ளையா படிஞ்சு டிரிப்பர் அடைக்கும்.

கோழிப்பாறைக்காரன்:
நன்றிங்கண்ணா, ஆண் செடி அப்படியே இருக்கட்டும். அடுத்த போகத்துக்கு இதுலயே நல்ல காயைப் பழுக்கவிட்டு விதை எடுக்கலாமா?

பதில் 3 (விதைத்தட்டு):
எஃப்1ல எடுத்த விதை ஒண்ணு மாதிரி ஒண்ணு முளைக்காது. பெண்பூத் தன்மையும் சிதறிப்போகும். விதைக் கம்பெனிக்காரங்க பெண்பூ மட்டும் பூக்கிற தாய் வரிசையைப் பெருக்கறதுக்கே வெள்ளி தயோசல்பேட் அடிச்சு அதே செடியில ஆண்பூ வரவெச்சு, தனிக்கூண்டுல சேர்க்கறாங்க. நம்ம குடில்ல செய்யற காரியமில்ல.

அடுத்த தடவை பாக்கெட்டுல 'பார்த்தினோகார்ப்பிக்'ங்கிற சொல்லும் இருக்கான்னு பாத்து வாங்குங்க. மகரந்தமே இல்லாம காய் பிடிக்கிற ரகம் அது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தோட கேபிசிஎச்-1 அந்த வகைதான். அதுக்கு எல்லாமே தலைகீழ்: தேனீ உள்ள வரவே கூடாது, வந்தா காய் நுனி குடம் மாதிரி வீங்கும். வீங்கின காயை நீளவாக்குல அறுத்துப் பாருங்க. நுனியில மட்டும் கெட்டி விதைன்னா வலையில எங்கயோ ஓட்டை. விதை எங்கயுமே முத்தாம நுனி வீங்கியிருந்தா பொட்டாஷ் குறைச்சல், 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட் உரம்) குடுங்க.

ஒற்றைக் கொடியா கயித்துல ஏத்தி, கீழ அஞ்சு கணு வரைக்கும் பூவையும் பக்கக் கிளையையும் கிள்ளிடணும். அதுக்கு மேல கணுவுக்கு ஒரு காய். கீழ நாலஞ்சு காய் ஒரே நேரத்துல பெருக்கும்போது மேல சில பிஞ்சு தானா கருகும். அதுக்கு மருந்து அடிக்காதீங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் காயைப் பறிங்க.