பரிணாமம் பற்றி உங்களை மடக்கக் கேட்ட கேள்வி எது? நடந்ததைச் சொல்லுங்கள்

மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன், நாகர்கோவில் பக்கம். பரிணாமப் பாடம் நடத்தும் மாதத்தில் எப்படியும் ஒரு பையன் மடித்த துண்டுப் பிரசுரத்தோடு வந்து நிற்பான். டார்வின்காரர்களால் பதில் சொல்ல முடியாத கேள்விகள் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே கேள்விகள் வருடா வருடம் அதேதான், அச்சகம்தான் மாறுகிறது. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது? உன் சித்தப்பா மகன் இருக்கிறான் என்பதால் உங்கள் இருவருக்கும் ஒரே தாத்தா இல்லை என்று ஆகிவிடுமா என்று திருப்பிக் கேட்டால் பையன்களே சிரித்துவிடுவார்கள். சிம்பன்சி வழியும் நம் வழியும் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை, அவ்வளவுதான். குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததில்லை, பாடத்திட்டத்தை மாற்றுங்கள் என்று 2018இல் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங்கே பேசினார், அப்புறம் பையன்களைச் சொல்லி என்ன!

யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அது கண் பற்றிய கேள்விதான். ஒரு மாணவியின் அப்பா, சபை ஊழியர், பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு நின்று கேட்டார். "சார், லென்ஸ் இல்லாத கண்ணு எதுக்கு ஆகும்? பாதிக் கண்ண வச்சிட்டு எந்தப் பிராணி பிழைக்கும்?" குதர்க்கம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நம் கடற்கரைப் பாறைகளில் கூம்பு மாதிரி ஓட்டோடு ஒட்டிக் கிடக்குமே ஒரு நத்தை, அதற்குக் கண் என்பது வெறும் குழி, உள்ளே ஒளியை உணரும் செல்கள், லென்ஸ் கிடையாது. வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அதன் பிழைப்பு ஓடிவிடும். சுருள் ஓட்டுக்குள் வாழும் நாட்டிலஸ் என்ற கடல் பிராணிக்கு அந்தக் குழியின் வாய் சுருங்கி ஊசித்துளைக் கேமராபோல இருக்கிறது, அதற்கும் லென்ஸ் இல்லை, கடல் தண்ணீர் கண்ணுக்குள்ளேயே போய் வரும். கணவாய்க்கு லென்ஸோடு கூடிய கண். மூன்றும் மெல்லுடலிகள், மூன்றும் இன்றைக்கு உயிரோடு இருப்பவை. ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் பாதி என்று நினைப்பது அதனதன் பிழைப்புக்கு முழுசுதான் என்றேன். ஒளியை உணரும் தட்டையான தோலில் தொடங்கி மீனின் கண் வரை வர நான்கு லட்சம் தலைமுறைகூடத் தேவையில்லை என்று நில்சன், பெல்கர் என்ற ஆய்வாளர்கள் 1994இல் போட்ட கணக்கையும் சொன்னேன், அது அவரை அசைக்கவில்லை. கணவாய்தான் அசைத்தது. நம் கண்ணில் நரம்புகள் விழித்திரைக்கு முன்பக்கம் ஓடி ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு வெளியே போகின்றன, அந்த இடம் குருட்டுப் புள்ளி. கணவாய்க்கு நரம்பு பின்பக்கம், குருட்டுப் புள்ளியே இல்லை. "அப்போ கர்த்தர் கணவாய்க்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மனம் மாறிவிட்டார் என்றெல்லாம் கதை விடமாட்டேன். போகும்போது அந்தப் படத்தை மட்டும் நோட்டில் வரைந்து தரச் சொல்லி வாங்கிப் போனார்.

எதிராளி வாயடைத்துப் போன சினிமாக் கதைகள் வேண்டாம். மற்றதைச் சொல்லுங்கள்.

*

சார், எனக்கு வாய்த்தவன் கல்லூரி நண்பன், தொழுகை தவறாதவன், அவசரம் என்றால் நடுராத்திரியில் பைக் எடுத்து வருகிறவன். பரிணாமத்தை மறுத்து எழுதும் துருக்கிக்காரர் ஹாருன் யஹ்யாவின் பளபளப்பான படப் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ பிடித்திருந்தான், 2007 வாக்கில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு ஓசியில் அனுப்பப்பட்டதே, அதேதான். ஒரு பக்கம் புதைபடிவம், பக்கத்தில் இன்றைய உயிரி, பார், மாறவே இல்லை என்று. அதில் உயிருள்ள பூச்சி என்று போட்ட ஒரு படம் தூண்டில்காரர்கள் கட்டும் பொய்ப்பூச்சி, கொக்கி வெளியே தெரியும். காட்டினேன். "அதை விடுடா, திமிங்கலம் தரையிலிருந்து போச்சுங்கிறீங்களே, நடுவுல உள்ளதைக் காட்டு" என்றான்.

நியாயமான கேள்வி. பதில் ஜம்மு பக்கத்திலேயே கிடக்கிறது. ரங்கா ராவ் என்ற நம் நிலவியலாளர் காலாகோட்டில் பாறைகளைச் சேகரித்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்காமலே காலமானார். பிற்பாடு அவர் மனைவி அவற்றைத் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். ஆய்வகத்தில் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோடு கை தவறி உடைந்தது, உள்ளே பார்த்தால் காதெலும்பின் சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்திருக்கிறது. திமிங்கல இனத்துக்கு மட்டுமே அது உண்டு என்று அதுவரை நினைத்திருந்தார்கள். பிராணியோ குளம்பு உள்ளது, சின்ன மான் மாதிரி, கிட்டத்தட்ட 4.8 கோடி ஆண்டு பழையது. கால் எலும்புகள் நீர்யானையுடையதுபோல் கனத்தவை, தண்ணீரில் இறங்கி நடந்ததற்கு அது அடையாளம். ரங்கா ராவ் 1971இலேயே இண்டோஹையஸ் என்று பெயர் வைத்த பிராணிதான் அது, 2007இல் அதைத் திமிங்கலத்துக்கு நெருங்கிய உறவு என்று அறிவித்தார்கள்.

முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "முன்னாடி ஒரு இடைவெளிதான் இருந்தது, இப்போ இதுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் காலைக்குள் இன்னும் ஏழெட்டு வீடியோ. கேட்பதற்கு ஒரு வரி, பதிலுக்கு ஒரு மணி நேரம், இதுதான் இந்த விவாதங்களில் உள்ள பெரிய கஷ்டம். அமெரிக்காவில் டுவேன் கிஷ் என்பவர் மேடையில் இப்படி அடுக்கியே பேர் வாங்கினார். ஒன்று முடியாமல் அடுத்தது கிடையாது என்று அவனிடம் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். இன்னும் திமிங்கலத்திலேயே நிற்கிறோம்.

*

எங்கள் வீட்டில் எதிர்ப்பே இல்லை, அதுதான் சிக்கல். பெரியப்பா டார்வினைப் பார்த்துப் பரிதாபப்படுவார். மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம் என்று விரல் விட்டு எண்ணி, இதைத்தானே அந்த ஆள் பிறகு சொன்னான் என்பார். அடுத்தது திருவாசகம். "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று அவர் குரலெடுத்தால் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும், மறுத்துப் பேசவே மனசு வராது. ஒரு தீபாவளிக்குத்தான், அடுத்த வரிகளையும் சொல்லுங்கள் பெரியப்பா என்றேன். பறவைக்குப் பிறகு பாம்பு, அப்புறம் கல், அதற்குப் பிறகு மனிதர், பேய், கணங்கள், அசுரர், முனிவர், தேவர். இது ஓர் உயிர் பிறந்து பிறந்து இளைத்த கதை, இனங்கள் கிளை பிரிந்த கதை இல்லையே என்றேன். "மாணிக்கவாசகர் விலங்கியல் எழுதலைன்னு சொல்ற?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது சரிதான், அவர் அழுதுட்டு இல்ல இருக்கார்" என்றார். தசாவதாரத்தை மட்டும் இன்னும் விடவில்லை.

*

சின்சினாட்டியில் இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் அன்பாக அழைத்தாரென்று கென்டக்கியில் 2016இல் திறந்த நோவா பேழைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனோம். கூண்டுகளில் டைனோசர் குட்டிப் பொம்மைகளும் உண்டு, என் மகளுக்கு ஒரே குஷி. 2014இல் அந்தப் பூங்காவை நடத்தும் குழுவின் கென் ஹாமும், அறிவியலை மக்களுக்கு விளக்கும் பில் நையும் மோதிய விவாதத்தில், எது உங்கள் மனதை மாற்றும் என்று இருவரையும் கேட்டார்கள். ஆதாரம் காட்டுங்கள் என்றார் நை. வேத வார்த்தை உண்மையில்லை என்று யாராலும் என்னை நம்பவைக்க முடியாது என்ற பொருளில் பேசினார் ஹாம். திரும்பும்போது காரில் நண்பரிடம் இதே கேள்வியைக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, "என் அப்பா உயிரோடு இருக்கும்வரை எதுவும் மாற்றாது" என்றார். அதற்குமேல் புதைபடிவம் பேசி என்ன பிரயோசனம், பசங்களுக்குப் பசிக்கிறது என்று ஓட்டலுக்கு வண்டியைத் திருப்பினோம்.

*

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை யாரும் சொல்லவில்லையே? எல்லாம் சிதைந்துதான் போகும், ஒழுங்கு தானாகக் கூடாது என்று என் மச்சினன் கல்யாண வீட்டில் பிடித்துக்கொண்டான், பொறியியல் படித்தவன். அந்த விதி சொல்வது வெளியிலிருந்து ஆற்றல் வராத அமைப்பைப் பற்றி, பூமிக்குத்தான் தினமும் சூரியன் கொட்டுகிறதே என்றேன். உன் கணக்குப்படி முட்டையிலிருந்து குஞ்சு வருவதுகூட விதிமீறல்தான் மாப்பிள்ளை. முதல் செல் எப்படி வந்தது என்று அடுத்துக் கேட்டான். அது இன்னும் முடியாத ஆராய்ச்சி, டார்வின் பேசியது உயிர் வந்ததற்குப் பிறகு நடந்ததைப் பற்றி என்றேன். "அப்போ தெரியாதுன்னு ஒத்துக்கிட்டீங்க" என்று பந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.